வால் வெட்டிய திருக்கை

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நான் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவிகள் அறுத்துப் பார்க்க மீன் தேவைப்பட்டால் நானே காசிமேட்டுக் கரைக்குப் போய்விடுவேன். ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் அறுவைக் கருவிகள் வைத்த சின்னப் பெட்டி. கட்டுமரங்கள் கரையேறும் நேரத்துக்குச் சரியாக அங்கே நிற்பேன்.

கடலின் அடித்தரையோடு படுத்துக் கிடக்கும் மீன்கள்மேல் எனக்குத் தனி ஈடுபாடு. திருக்கை, உழுவை, மாந்தல் என்று எது வந்தாலும் எனக்காக எடுத்து வைக்க ஒரு மீன்காரப் பெண் இருந்தாள். கிட்டத்தட்ட என் வயதுதான். என்னை "டீச்சரம்மா" என்பாள். அவள் கண்ணுக்குக் கீழே அடிக்கடி கன்றிப்போயிருக்கும். அடிப்பது புருஷன் என்பது கரை முழுக்கத் தெரியும். அவளுடைய தம்பி, கல்யாணமாகாத வாலிபன், அந்தப் புருஷனோடுதான் ஒரே மரத்தில் கடலுக்குப் போய்வந்தான்.

ஒருநாள் அவன் மாமனின் கழுத்துத் துண்டை முறுக்கிப் பிடித்து, "இன்னொரு தபா எங்கக்கா மேல கை வெச்சே, கடல்லயே உன்னை முட்ச்சிட்டு வந்துடுவேன்" என்று கத்தினான். கேட்காதவர்கள் இல்லை.

அந்த வாரமே அது நடந்தது.

நான் போனபோது கரையில் பெரிய கூட்டம். மணலில் அவள் புருஷன் பிணமாகக் கிடந்தான். தொடை இடுக்கில் ஆழமான காயம். உடம்பில் ரத்தமே இல்லாததுபோல் வெளுத்திருந்தான். கொஞ்சம் தள்ளி கட்டுமரத்தின்மேல் பெரிய திருக்கை ஒன்று கயிற்றால் கட்டியபடி கிடந்தது. தம்பியை இரண்டு கான்ஸ்டபிள்கள் பிடித்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கையில் அவனுடைய கத்தி.

"வலையில பெருசா மாட்டிச்சு சார். மரத்துமேல இஸ்த்துப் போட்டோம். மாமா காலால அமுக்கினாரு. வாலைச் சொழட்டி முள்ளைத் தொடையில ஏத்திடுச்சு. நான் வாலை வெட்டிக் கடல்ல வீசிட்டேன். இந்தக் கையாலதான் பொத்திகினு வந்தேன். ரத்தம் நிக்கவே இல்ல சார்." முழங்கை வரை அவன் கை காய்ந்த ரத்தமாக இருந்தது.

"முள் எங்கே?"

"வாலோட பூட்ச்சு சார்."

"வால் இல்லை, முள் இல்லை. ரத்தம் பட்ட கத்தி மட்டும் இருக்கு. திருக்கையிலே கொட்டாத வகையும் உண்டுன்னு எனக்கும் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் சொன்னது தவறும் இல்லை. சுற்றி நின்ற மீனவர்கள், இது கொட்டும் சாதிதான் என்று சொல்லிப் பார்த்தார்கள். "எல்லாரும் ஒரே குப்பம், அவனுக்குத்தானே பேசுவீங்க" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

அப்போதுதான் அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். நேராக இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தாள்.

"சாமி, அவனை வுட்ருங்க. எனக்காவத்தான் செஞ்சிட்டான். இந்த ஆளு செத்தாத்தான் எனக்கு நிம்மதின்னு நான்தான் அவன்கிட்ட அழுதேன். என்னை இட்டுகினு போங்க சாமி."

அதுவரை அவனுக்காகப் பேசியவர்களும், அப்போ இவன்தான் செஞ்சிருக்கான் என்று பேச ஆரம்பித்தார்கள். தம்பி அதுவரை திமிறிக்கொண்டும் கதறிக்கொண்டும் இருந்தவன். அக்கா சொன்னதைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"கூடப் பொறந்தவளே சொல்லிட்டா" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் பெட்டியோடு முன்னால் போனேன். "சார், இது எந்த வகைன்னு வால் இல்லாமலும் சொல்ல முடியும்" என்றேன். கல்லூரியில் சொல்லிக்கொடுப்பவள் என்று தெரிந்ததும் அவர் தடுக்கவில்லை.

திருக்கையைப் புரட்டினோம். வால் அடியில் இருக்கும் துடுப்பைக் காட்டினேன். முள் இல்லாத வகைக்கு அந்தத் துடுப்பு இரண்டாகப் பிளந்திருக்கும். இதற்குப் பிளவில்லாமல் ஒரே மடலாக இருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதையெல்லாம் கோர்ட்டிலே யாரும்மா நம்புவாங்க?"

பெண் மீன் என்பதும், வயிறு உப்பியிருப்பதும் அப்போதுதான் என் கண்ணில் பட்டன. முள் இல்லாத வகை முட்டையிடும். தோல் பை போன்ற அந்த முட்டையின் நான்கு மூலையிலும் கொம்பு நீட்டியிருக்கும். கொட்டும் வகை முட்டையை வெளியே விடாது. குட்டிகளை வயிற்றுக்குள்ளேயே பால் போன்ற ஒரு நீரைக் கொடுத்து வளர்த்து, உயிரோடு ஈனும்.

வயிற்றைக் கீறினேன். வெள்ளை நீர் வழிந்தது. அதோடு குட்டிகள் வந்தன. சிறகுகளைப் பாய்போல் சுருட்டிக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் அளவில். ஒன்று இன்னும் அசைந்தது. அதன் வாலை விரித்தேன். நடுவில் நகக்கீற்று போல ஒரு முள், தாயைக் குத்தாதபடி மெல்லிய உறைக்குள் படிந்திருந்தது. உறையை நீக்கி, ரம்பப் பல் போன்ற ஓரத்தை இன்ஸ்பெக்டரை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இது கொட்டும்னு தெரியுது. இதுதான் கொட்டிச்சுன்னு தெரியலையே" என்று சொல்லிவிட்டு அவனை வண்டியில் ஏற்றினார்.

ஒரு குட்டியை பார்மலின் பாட்டிலில் போட்டு, பிரேதப் பரிசோதனை செய்யவிருந்த டாக்டரிடம் கொண்டுபோனேன். கத்தி பட்டால் சதை இப்படிப் பிய்ந்து வராது என்றார் அவர். காயத்துக்குள்ளிருந்து முள் உறையின் கிழிசலும் உடைந்த பல் துணுக்கும் கிடைத்தன. குட்டியின் முள்ளோடு ஒப்பிட்டுப் பார்த்தே அறிக்கை எழுதினார்.

அதற்கப்புறம்தான் அவனை விட்டார்கள். அதற்குள் ஸ்டேஷனில் அடிக்க வேண்டியதெல்லாம் அடித்துவிட்டிருந்தார்கள். ஒரு காது கேட்காமல் போயிருந்தது. இடது கை தோளுக்குமேல் தூக்க வரவில்லை. வலை இழுக்கிற கை.

அவன் கரைக்கு வந்த அன்று நானும் இருந்தேன். அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் கைகளை மெதுவாக விலக்கினான்.

"ஊரு சொல்லட்டும்க்கா. போலீஸ் அடிக்கட்டும். நீ எப்பிடிக்கா நம்புனே?"

"உன்னைக் காப்பாத்தத்தான் நைனா..."

"நான் செஞ்சேன்னு நெனச்சுதானே காப்பாத்த வந்தே?"

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவன் திருவொற்றியூர்ப் பக்கம் ஏதோ ஆலையில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அக்கா வீட்டுப் படியை அவன் மிதிக்கவே இல்லையாம். அவள் பலமுறை அந்த ஆலை வாசலில் போய் நின்றிருக்கிறாள். பின்வாசல் வழியாகப் போய்விடுவானாம். ஒருநாள் மீனை அரிந்துகொண்டே தலை நிமிராமல், "அடிக்க ஆள் இல்ல, டீச்சரம்மா. பேசவும் ஆள் இல்ல" என்றாள்.

இப்போதும் ஒருவனைப் பற்றி ஊரே ஒரே குரலில் பேசும்போது எனக்கு அந்தக் கரைதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் குரலோடு அவனுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவளின் குரலும் சேர்ந்துவிடக்கூடும் என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தவள்.