பங்காரம்மாவின் முட்டிக்குக் கிடைத்த கைதட்டல்

துடியலூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு பங்காரம்மாவுடையது. அவளைப் பற்றிச் சொல்வதென்றால் நல்லதைத்தான் சொல்லியாக வேண்டும். எனக்கு அது சிரமம். ஒரே வாரத்தில்தான் இருவரும் முருங்கைக் கொம்பு நட்டோம். அவளுடையது காய்த்துத் தொங்கியது. என்னுடையது பூவிலேயே கொட்டிப்போனது.

உடுமலைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக்காரர் சீக்கிரமே போய்விட்டார். ஷிப்டு ஷிப்டாக நின்று மகள் கோமளாவைப் படிக்க வைத்தாள். நின்று நின்று அவள் முட்டி தேய்ந்தது. தோட்டத்தில் குனிந்து களை எடுத்து என் முட்டி தேய்ந்தது. வலியிலாவது சமமாக இருந்தோம்.

அதையும் கெடுக்க ஒரு மெஷின் வந்தது. கடைவீதியில் முட்டிவலிக்கென்று ஒரு மையம் திறந்தார்கள். முட்டியில் பட்டையைச் சுற்றி மெஷின் பெட்டியின் குமிழைத் திருகினால் கரண்டு குறுகுறுவென்று ஏறும். கிளம்பும் முன் மைக்கில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். பங்காரம்மாவுக்கு மணிக்குரல். "மலையே ஏறலாம் போல இருக்குதுங்க" என்றாள். கைதட்டினார்கள். மறுவாரம் வாசல் பேனரில் அவள் படம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மையத்துக்கே போய், பட்டை கட்டிவிடும் கிருபா என்ற பெண்ணைக் கேட்டேன். "ஏங் கண்ணு, டாக்டருங்க யாராச்சும் இதைச் சோதிச்சுப் பாத்தாங்களா?"

"நீங்கெல்லாந்தானுங்க ஆத்தா சாட்சி! எத்தனை பேரு மைக்குல சொல்றாங்க பாருங்க."

"கொணமாகாதவிய எங்கே?"

"அவிய வர்றதில்லீங்க" என்று சிரித்தாள்.

வராதவர்களை விட்டுவிட்டு என்ன சாட்சி? அதன்பின் பங்காரம்மாவையே உளவு பார்த்தேன். ஒரு காலையில் கோலம் போட்டு முடித்தவள், கேட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து எழுந்தாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"ஏனம்மணி, மலை ஏறுற காலு கேட்டைப் புடிக்குது?"

அவள் முகம் சுருங்கியது. "நோவு அப்படியேதான் இருக்குது ராசம்மா. அந்தப் புள்ளை வாய் நெறைய 'எப்படி இருக்குதுங்க'ன்னு கேக்குது. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிச் சொல்றது? கோமளா டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருந்தா. பேனரைப் பாத்துப்போட்டு வேண்டாம்னு சொல்லீட்டா. இனி எந்த மூஞ்சிய வெச்சுக் கேப்பேன்?"

உப்பில்லாத ரசத்தையும் ஒரம்பரையாக, விருந்துக்குப் போன வீட்டில் 'நல்லாருக்குதுங்க' என்று குடிக்கிறவர்கள் நாங்கள். அந்த மரியாதையைத்தான் மையத்துக்காரர்கள் குணமானதாகப் பேனரில் போட்டிருந்தார்கள்.

அன்றே நானும் போய்ப் பட்டை கட்டிக்கொண்டேன். பங்காரம்மா பின்வரிசையில் இருந்தாள். கிருபா மைக்கை நீட்டினாள். "எப்படி இருக்குதுங்க ஆத்தா?"

'நல்லா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாசல் பேனரில் எதிர்வீட்டுக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். பொறாமைதான் நாக்கைப் பிடித்து நிறுத்தியது.

"உன்ற பேச்சு நல்லாருக்குது கண்ணு. முட்டி வந்த மேனிக்கேதான் இருக்குது."

ஒருவரும் கைதட்டவில்லை. பங்காரம்மா நாற்காலியை ஊன்றி எழுந்து வந்து மைக்கை வாங்கினாள்.

"என்ற முட்டியும் அப்படித்தானுங்க. மலையுமில்லை, ஒண்ணுமில்லீங்க. நான் டாக்டர்கிட்டயே போறேனுங்க."

"எனக்குந்தானுங்க!" என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன. பிறகு கூரை அதிரக் கைதட்டல்.

முதலில் சொன்னவள் நான். கைதட்டல் அவளுக்கு. டாக்டரிடம் போகும்போது ஆட்டோவில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். காற்று வரும் ஓரத்தை மட்டும் விட்டுத் தரவில்லை.