நாலு மணிக்கு மேல் பார்த்த வீடு

விம்கோ நகரில் இருந்த அந்த வீட்டின் கிழக்கு ஜன்னலைத் தரகர் திறந்ததும், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன திரைச்சீலை எழும்பி என் மகளின் முகத்தில் விழுந்தது. அவள் சிரித்தாள். மணி நாலேகால். கடல் காற்று கூடத்துக்குள் நுழைந்து சமையலறை வழியாக வெளியே போனது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு நேராக "காற்று நன்று" என்று எழுதியிருக்கிறேன்.

டோல்கேட் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, உரிமையாளர் இரண்டு மாத அவகாசம் கொடுத்திருந்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மழைக்காலம் வெயில்காலம் என்றில்லாமல் மூச்சு இழுப்பு வரும். இடத்தை மாற்றிப் பாருங்கள் என்றார் மருத்துவர். நான் கட்டட வரைபடம் வரைபவன்; எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். விம்கோ நகர், பெரம்பூர், கூடுவாஞ்சேரி என்று மேலே எழுதி, வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம், ராயபுரத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் என் மனைவி போய்வர ஆகும் நேரம் எல்லாவற்றையும் இடப்பக்கம் வரிசைப்படுத்தினேன். காற்றுக்குக் கட்டம் போடத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து ஆலைகள் சூழ்ந்த அந்தப் பக்கமே கிடந்தவனுக்கு அவற்றின் வாடை மூக்கில் ஏறுவதில்லை. டோல்கேட்டின் லாரிப் புழுதிதான் மகளைப் படுத்துகிறது, கடலோரம் போனால் சரியாகிவிடும் என்று நம்பினேன். பெரம்பூர் வாடகையிலேயே அடிபட்டுப் போயிற்று. கூடுவாஞ்சேரி மிகத் தூரம். விம்கோ நகர்தான் மிஞ்சியது.

தரகருக்கு அறுபது வயதிருக்கும். வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு வீடு காட்டும் தொழிலுக்கு வந்தவர். எந்த வீட்டையும் நாலு மணிக்கு முன்னால் காட்டமாட்டார். காலையில் சாவி கிடைக்காது என்பார். மதியம் வெயில் என்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரண்டு மாடி ஏறிவந்த மகள், ஜன்னலருகே சிரித்த சிறிது நேரத்திலேயே தரையில் உட்கார்ந்து இன்ஹேலரை எடுத்தாள். தரகர் உடனே கீழே போய்த் தண்ணீர் வாங்கி வந்தார். கணக்கில் எத்தனை மார்க் என்று அவளைச் சீண்டினார். நான் முன்பணத்தை எடுத்தபோது என்னை மட்டும் படிக்கட்டுக்கு அழைத்தார்.

"துட்ட உள்ள வை சார். நாளிக்கு காலைல ஆறு மணிக்கு தனியா வா. ஜன்னல எல்லாம் தொறந்து வுட்டு அர மணி நேரம் குந்து. அப்பால சொல்லு."

கமிஷன் வேண்டாமா அண்ணே என்று கேட்டேன். அது வேறொரு வீட்டில் வரும் என்றார்.

மறுநாள் போனேன். காற்று திசை மாறி, மேற்கே ஆலைகள் இருக்கும் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அழுகிய முட்டையும் எரிவாயுவும் கலந்தது போல ஒரு வாடை. கால் மணி நேரத்தில் தொண்டை கரகரத்தது. அவர் வாசற்படியில் குந்தி பீடியைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "நாலு மணிக்கு மேல மட்டும் குடியிருக்கணும்னா இது சொர்க்கம் சார்" என்றார்.

கூடுவாஞ்சேரிக்குப் போனோம். மகளுக்கு இழுப்பு குறைந்தது. மனைவி விடியுமுன் கிளம்பி இரவு எட்டுக்கு வருகிறாள். ரயிலில் தூங்கிப்போய் இரண்டு முறை ஊரைத் தாண்டிச் செங்கல்பட்டில் இறங்கியிருக்கிறாள். பள்ளியில் நடந்ததைக் கேட்டால், "ஞாயித்துக்கிழம அம்மாகிட்ட சேத்து சொல்லிக்கிறேன்" என்கிறாள் மகள். திரும்பிப் போய்விடலாம் என்று மனைவி கேட்க ஆரம்பித்தாள். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க ஒரு வாரம் இருக்கையில் பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தற்செயலாகச் சொன்னார்: நாங்கள் வேண்டாம் என்ற மறுவாரமே தரகரின் மகள் அந்த வீட்டில் குடியேறிவிட்டாளாம், குழந்தையோடு, குறைந்த வாடகைக்கு.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் தெளிவாக இல்லை. வீட்டைத் தன் மகளுக்காக ஒதுக்கத்தான் என்னைக் காலையில் வரச் சொன்னாரா? அப்படியானால் அந்த வாடை? என் மூக்கால் முகர்ந்தது. ஆனால் அவர் சொல்லாமலிருந்தால் முகர்ந்திருப்பேனா? புதிதாகக் கட்டம் போட்டேன். மூன்று முறை அடித்து எழுதினேன். கடைசியில் அவரையே போனில் கேட்டுவிட்டேன்.

அவர் தடுமாறவில்லை. "உன் பொண்ணுக்கு ஆவாதுன்னு தெரிஞ்சிதான் சொன்னேன் சார். நீ வேணான்னதும் ஓனரு வாடகைய கொறச்சாரு. அந்த வாடகைக்கு எம் பொண்ணுக்கு வேற எங்க வூடு கீது, நீயே சொல்லு."

பேத்திக்கு இப்போது என்ன வயது என்று கேட்டேன். ஏழு, ஸ்கூலுக்குப் போகிறாள் என்றார். மூச்சுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்த வருடமும் இங்கேயே இருப்போம் என்றேன் மனைவியிடம். ஏன் என்றாள். கட்டத்தில் காற்று என்று ஒரு வரிசை சேர்த்து அவளிடம் நீட்டினேன். மறுநாள் காலைக்கு அவள் புடவையை எடுத்து வைத்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.