அக்கா சிரிக்கும் ஒரே படம்

"நோய் வருவதற்கு முன் எடுத்த, நோயாளி சிரிக்கும் புகைப்படம் ஒன்றை அனுப்பவும்." சிங்கப்பூர் மருத்துவமனையிலிருந்து ஜூன் ஒன்பதாம் தேதி காலை 11.20க்கு வந்த மின்னஞ்சலின் நான்காவது வரி இது. மற்ற வரிகளுக்கு அன்று மாலைக்குள் பதில் அனுப்பிவிட்டேன். இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல எங்கள் குடும்பத்துக்குப் பதினாறு நாட்கள் ஆயின.

அக்கா அம்பாசமுத்திரத்தில் பிறந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா காலமானார். அக்கா படிப்பை முடித்து, ராதாபுரத்தில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்து, என்னையும் படிக்க வைத்தார். பதினோரு ஆண்டுகள் திருநெல்வேலியிலிருந்து தினமும் பேருந்தில் போய்வந்தார். பிறகுதான் பக்கத்திலிருக்கும் பேட்டைக்கு மாறுதல் கிடைத்தது. இத்தனைக்கும் நடுவில் அவர் சிரிக்காத நாள் என் குறிப்பேடுகளில் இல்லை. அந்தச் சிரிப்பு நான்கு வீடு தள்ளிக் கேட்கும். தாலி கட்டும் நேரத்தில் அத்தானுக்குத் தும்மல் வந்தபோது மணமேடையிலேயே சிரித்தவர் அவர். அந்த நேரம் பார்த்துப் புகைப்படக்காரர் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, இடது காதுக்கு உள்ளே ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. புற்று அல்ல. ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பை ஒட்டி வளர்ந்திருந்தது. எடுக்கும்போது அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் இடப்பக்க முகம் அசையாது. அந்த நரம்பைக் காப்பதில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அக்காவின் மகளும் அங்கேதான் வேலை பார்த்தாள். போவதென்று முடிவாயிற்று.

"காது போனா போவட்டும்லே," என்றார் அக்கா. "முப்பது வருசம் பிள்ளைக போட்ட சத்தத்தைக் கேட்டாச்சு. பாதிச் சிரிப்போட என்னால இருக்க முடியாது."

அவருடைய வாயின் இடது ஓரம் லேசாகச் சாய்ந்திருந்தது. அது பிறவி அமைப்பா, கட்டியால் வந்ததா என்று அறியவே மருத்துவர் படம் கேட்டார். ஏழு ஆல்பங்களைப் புரட்டினோம். அக்கா இருக்கும் படங்கள் இருநூற்றுப் பதினான்கு. சிரிப்பு ஒன்றில்கூட இல்லை. படத்தில் பல்லைக் காட்டக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். செல்போன் வந்த பிறகும் அக்கா அதை மீறவில்லை. யார் தூக்கிப் பிடித்தாலும் ஆதார் அட்டை முகம்தான்.

"மாப்ளே, உங்க அக்கா சிரிச்சு ஊரே பாத்திருக்கு, கேமரா மட்டும் பாக்கல," என்றார் அத்தான்.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி, ராதாபுரத்தில் அக்காவோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் ஒரு படத்தை அனுப்பினார். மாஞ்சோலைக்குச் சுற்றுலா போன ஆசிரியர்கள் பேருந்து முன்னால் விறைப்பாக நிற்கிறார்கள். வரிசையின் கடைசியில் அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சிரிக்கிறார். வாயின் இரு ஓரங்களும் ஒரே உயரம். சாய்வு கட்டியால் வந்ததுதான், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

துணைக்கு நானும் சிங்கப்பூர் போனேன். அறுவை சிகிச்சை ஏழரை மணி நேரம் நடந்தது. மூன்றாம் நாள் காலை மருத்துவர் வந்து அக்காவைச் சிரிக்கச் சொன்னார். அக்கா ஆதார் அட்டை முகத்தை வைத்துக்கொண்டார். மறுபடி சொன்னார். முகம் அசையவில்லை. மருத்துவர் தாதியைப் பார்த்தார். அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. மருத்துவருக்கு உதவட்டும் என்று அன்றைய குறிப்பை வாசித்தேன்: "ஆறு பத்து, கண் விழித்தார். ஆறு பதினைந்து, காபி கேட்டார். ஆறு பதினெட்டு, காபியைக் குறை சொன்னார். ஆறு பத்தொன்பது, இன்னொரு காபி கேட்டார்."

"ஏலே, இதையுமா எழுதி வச்சிருக்க?" என்ற அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிறுத்துலே, தலை வலிக்கி."

வலது ஓரம் முதலில் ஏறியது. ஒரு கணம் பிந்தி இடது ஓரமும் ஏறியது. மருத்துவரும் சிரித்துவிட்டார். நேரம் 8.52.

அந்தத் தாமதம் கடைசிவரை இருந்தது. "இடது பக்கத்துக்குக் கொஞ்சம் பையத்தான் வெளங்கும்," என்பார் அக்கா. அதன்பின் ஆறு ஆண்டுகள் அந்தச் சிரிப்பைக் கேட்டோம். சென்ற ஐப்பசியில் நான்கு நாள் காய்ச்சலோடு எங்களைப் பிரிந்தார். முந்தின நாள்கூட அத்தான் கஞ்சி வைத்த அழகைச் சொல்லிச் சிரித்தார்.

கடல் கடந்த ஊரில் அக்காவைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், நாங்கள் இல்லாத நாட்களில் வீட்டைத் திறந்துவைத்து விளக்கேற்றிய பக்கத்து வீட்டாருக்கும், பழைய பெட்டிகளைத் துழாவிய உறவினர் அனைவருக்கும், அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்த ஆசிரியைக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது அதே படம்தான்.

அதில் அக்கா எதைக் கண்டு சிரித்தார் என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. அவரிடம் கேட்டபோதெல்லாம், "சொன்னா நீ எழுதி வச்சிருவ," என்று மறுத்துவிட்டார். படத்தில் நிற்பவர்களில் இருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். ஒருவர், பேருந்து நடத்துநர் சொன்ன ஏதோ ஒன்று என்றார். மற்றவர் தலைமையாசிரியரின் செருப்பு என்றார். இருவருமே சொல்லி முடிப்பதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டதால் மேற்கொண்டு விசாரிக்க முடியவில்லை.