தெருவை எழுதி வாங்கினோம்

என் மனைவி இடுப்பெலும்பை ஒடித்துக்கொண்ட பிறகுதான் எங்கள் தெரு யாருக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரிந்தது. அது எங்களுக்கும் சொந்தமில்லை, பஞ்சாயத்துக்கும் சொந்தமில்லை. முக்கூடலில் இருக்கும் ஒரு பெரியவருக்குச் சொந்தம்.

திருநெல்வேலியிலிருந்து முக்கூடல் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் தெரு. பத்தொன்பது வீடு. முன்பு வயலாக இருந்த இடம். அந்தப் பெரியவர் நடுவில் இருபதடிப் பாதை விட்டு, கல் ஊன்றி, மனை மனையாக விற்றார். வாங்கும்போது வாசல் எந்தத் திசை, தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்றெல்லாம் கேட்டோம். பாதை யாருடையது என்று ஒருவனும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முட்டாள்தனம்தான்.

வயல் மண் என்பதால் ஐப்பசி மழையில் தெரு சேறாகிவிடும். பால் வாங்கப் போன என் மனைவி வழுக்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. டிரைவர் மேல் குற்றமில்லை, உள்ளே வந்திருந்தால் வண்டி புதைந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். முந்தானையைக் கடித்துக்கொண்டு இருந்தாள், அழவில்லை.

ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தாள். தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கே நடப்பது? வாசலை விட்டு இறங்கினால் பள்ளம். ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள்.

"அடுத்த மழைக்கும் நான் இந்த நாலு சுவத்துக்குள்ள கெடக்க மாட்டேன். ரோட்டுக்கு என்ன வழின்னு பாருங்க."

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். போன வேகத்தில் கத்தினேன். வீட்டு வரி வாங்குகிறீர்கள், ரோடு போட மாட்டீர்களா என்று கேட்டேன். செயலர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். பதிலுக்குக் கத்தவில்லை. வரைபடத்தை எடுத்துக் காட்டி, பாதையின் பட்டா இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது என்றார். முறைப்படி அனுமதி வாங்கியிருந்தால், மனை விற்பதற்கு முன்பே பாதையைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இவர் அனுமதியே வாங்கவில்லை. தனி ஆளின் நிலத்தில் அரசுப் பணத்தில் ஒரு சட்டி ஜல்லிகூடக் கொட்ட முடியாதாம்.

"அண்ணாச்சி, நீங்களே எழுதி வச்சிருக்கியளே" என்று செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

அது எங்கள் தெரு முனையில் இருந்த இரும்புக் கேட். 'இது தனியார் பாதை. வெளி வண்டிகள் உள்ளே வரக் கூடாது' என்று போர்டு. மணல் லாரிகள் குறுக்கு வழியாகப் புகுந்து தெருவைக் கெடுத்த காலத்தில் வைத்தது. வெல்டிங் பட்டறைக்காரன் நான். என் கையால், என் பைப்பில் செய்து மாட்டினேன். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். பஞ்சாயத்தில் அதையே ஆதாரமாக ஃபைலில் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் கட்டர் வைத்து நானே அதை அறுத்துப் போட்டேன்.

அடுத்து முக்கூடல். முனை வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனேன், நயமாகப் பேசத் தெரிந்தவர் என்று. பெரியவர் காப்பி கொடுத்தார்.

"பாதைய வச்சு நான் என்னவே செய்யப் போறேன்? எழுதித் தாரேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் மெல்ல ஆரம்பித்தார். தெருவுக்கு அவருடைய அப்பா பெயர் வைக்க வேண்டும். முனையில் இரும்பு வளைவு நிற்க வேண்டும். அதில் அப்பா பெயர், பின்னாலேயே சாதிப் பெயர். பஞ்சாயத்துக்கு எழுதும் பத்திரத்தில் நிபந்தனை போட முடியாது என்பதை விசாரித்து வைத்திருந்தார். அதனால் முதலில் வளைவு, மறுநாள் கையெழுத்து.

"நீரே வெல்டிங்காரருதான? நல்லா செய்யும்."

"பேரு போடுதேன் அண்ணாச்சி. பின்னால உள்ளத போட மாட்டேன்."

"எங்கப்பா ரெண்டும் சேந்துதான்வே ஆளு."

"அப்போ உங்க வீட்டு வாசல்ல வையுங்க" என்று எழுந்துவிட்டேன். காப்பி பாதி இருந்தது.

பஸ்ஸில் வாத்தியார் என்னைக் கிழித்தெடுத்தார். "நம்ம ஆளு பேருதானவே, ஒமக்கு எங்க நோவுது? ஒம்ம வீட்டுக்காரி வாக்கரப் புடிச்சிட்டு நிக்கா. ஒம்ம வீம்புக்கு அவதான் கெடச்சாளா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அது என் சாதிதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் என்னென்ன பேசினார்கள், யாரை எங்கே நிறுத்திவைத்தார்கள் என்று எங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தவன் நான். அதை இரும்பில் வெட்டி, ஆளுக்கு மேலே தூக்கி நிறுத்த என் கை வராது.

வீட்டில் சொன்னேன். "எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்கு" என்றாள். "செய்யுதேன்னு ஒத்துக்கிட்டு வந்திருந்தா மட்டும் ஒங்க மூஞ்சில முழிக்க முடியுமா."

சாயங்காலம் வாத்தியார் வீட்டு கார் ஷெட்டில் தெருக்கூட்டம். வேறு வெல்டிங்காரனைப் பார்க்கலாம் என்றார் வாத்தியார். பலர் தலையாட்டினார்கள். கடைசி வீட்டு அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர் அன்று எழுந்து நின்றார்.

"தெருவுக்கு அந்தப் பேர வச்சா எம்மவ ஆதார் கார்டுல அதான வரும். எங்கய்யா அந்தப் பேருக்காரங்க களத்துல கைகட்டி நின்னவரு. நீங்க வளைவு வச்சுக்கோங்க. எங்க வீட்டு அட்ரஸ்ல அது ஏறக் கூடாது. ஏறாம வைக்க முடியுமா, சொல்லுங்க."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வேறு வெல்டிங்காரனைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவே இல்லை. ஆனால் ரோட்டுக்கு என்ன வழி? கூட்டம் கலையும்போது அந்த அம்மாதான் தன் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து, இதில் பாதையைப் பற்றி என்னமோ இருக்கிறதே, பாருங்கள் என்றார். நான்கு எல்லை எழுதியிருக்கும் இடத்தில், 'இருபதடி அகலமுள்ள பொதுப் பாதைக்குக் கிழக்கு' என்று இருந்தது. பொதுப் பாதை. கீழே பெரியவர் கையெழுத்து. பத்தொன்பது வீட்டுப் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தேன். திசைதான் மாறியது, எல்லாவற்றிலும் அதே 'பொதுப் பாதை', அதே கையெழுத்து.

ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிக்கொண்டு தனியாக முக்கூடல் போனேன். இந்த முறை காப்பி வரவில்லை. பொதுப் பாதை என்று பத்தொன்பது தடவை எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது அதற்கு விலை கேட்கிறீர்கள், இதை கோர்ட்டுக்குக் கொண்டுபோவேன், அனுமதி இல்லாமல் மனை விற்றதையும் அங்கேயே சொல்வேன் என்றேன்.

"மெரட்டுதீரா?"

"ஆமா."

போய்விட்டு வாரும் என்றார். இரண்டு மாதம் சத்தமே இல்லை. வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியவர் பாதையை எழுதித் தருகிறாராம் என்று பத்திர எழுத்தரிடமிருந்து போன் வந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில் பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வளைவு இல்லாட்டா என்ன. எங்கப்பன் நெலம்னு எல்லாவனுக்கும் தெரியும்." அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டுப் பாதையை ஏற்றுக்கொண்டார்கள். நான் வாரம் தவறாமல் போய்க் கத்தினேன். மழைக்குச் சில நாள் முன்பு சிமெண்ட் ரோடு முடிந்தது. என் மனைவி காலையும் மாலையும் வாக்கரை டக் டக்கென்று ஊன்றி முனை வரை போய் வருவாள்.

ரோடு போட்டு நாலு மாதம் இருக்கும். தண்ணீர்க் குழாய் போடுகிறோம் என்று ஒரு கான்டிராக்டர் ஆட்கள் டிரில்லரைக் கொண்டுவந்து ரோட்டை உடைக்க ஆரம்பித்தார்கள். நான் பட்டறையில் இருந்தேன். வாத்தியார் போன் செய்து ஓடிவரச் சொன்னார். வந்து பார்த்தால் இவள் வாக்கரை டிரில்லருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறாள். பஞ்சாயத்து எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டிருக்கிறாள். அவர்களிடம் இல்லை.

மேஸ்திரி தணிந்துதான் பேசினார். "யக்கா, இது ஒங்க சொந்த ரோடா? பஞ்சாயத்து ரோடு யக்கா."

"அதத்தான நானும் சொல்லுதேன்" என்றாள். "பஞ்சாயத்து ரோடு. லெட்டரக் கொண்டா, இல்லன்னா ஒடச்சத மூடிட்டுப் போ."

நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவர்கள் சிமெண்ட் வாங்க ஆள் அனுப்பினார்கள்.