அண்டா கழுவ மட்டும் பாவாயி

ரந்தாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கியே பாவாயி பிள்ளைகளை வளர்த்தாள். மழை பெய்தால் வீட்டுக்குள்ளும் ஒழுகும். வெறுஞ்சோறு தின்ற நாளே அதிகம். ஆனாலும் மாரியம்மன் திருவிழா என்றால் கூலி கேட்காமல் கோயில் அண்டாக்களைத் தேய்த்துக் கொடுப்பாள்.

இந்த வருடம் முட்டி வலித்ததால், காய் நறுக்கும் பெண்களோடு உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். கோயில் தலைவரின் மனைவி புனிதா அதைப் பிடுங்கினாள். அவளும் பாவாயியோடு பழம் பொறுக்கியவள்தான்.

“நீ பின்னால போய் அண்டா கழுவு. ஒங்க ஆளுங்க கை பட்டா யாரும் சாப்பிட மாட்டாங்க.”

பாவாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “வேலைக்காட்டுல என் போத்தல் தண்ணிய வாங்கிக் குடிச்சியே புனிதா, அப்ப என் சாதி தெரியலையா?”

பாவாயி எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் தலைவரே மோட்டார் சைக்கிளில் வந்தார். “அண்டாவெல்லாம் அப்படியே கெடக்கு, பாவாயி. கோவத்த விடுலா, சாமி காரியம்.”

“சாமி என்னைய வெரட்டல. நீங்கதான் வெரட்டுனீங்க. சாப்பிட்டவங்களே கழுவட்டும்.”

அவர் மன்னிப்புக் கேட்காமலே வண்டியைத் திருப்பினார். மறுநாள் பாவாயி தன் வாசலிலேயே அடுப்பு மூட்டி, அதே அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.