வியாழக்கிழமை ஜாஸும் அப்பாவின் செருப்பும்

மதுச்சாலை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் ஒரே வாடிக்கையாளர் என் அப்பாதான். போன வியாழன் பின்னேரம் அவரோடு முதன்முறையாகப் போனபோது நானும் யோசிக்காமல் சப்பாத்தைக் கழற்றினேன். வெறுங்காலோடு நின்ற எங்களைப் பார்த்து வெயிட்டர் சிரித்தார். திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் அந்தக் கட்டடம் எட்டு வருடத்துக்கு முன் எங்கள் வீடு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

விற்றது நான்தான். தங்கச்சியின் கலியாணத்துக்கு வேறு வழியில்லை என்று பாரிஸிலிருந்து தொலைபேசியில் அடித்துப் பேசி, கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. இப்போது இரண்டு ஒழுங்கை தள்ளி வாடகை அறையில் இருக்கிறார். வெளிநாட்டில் கிடக்கும் என் போன்றவர்களே, வீடு விற்கும் கதையை மட்டும் தொலைபேசியில் கதைக்காதீர்கள்.

இந்த மதுச்சாலையில் வியாழன்தோறும் ஜாஸ். பாரிஸிலும் எனக்கு வியாழன் ஜாஸ் இருந்தது. பதினொரு வருடம் ஒரு மதுச்சாலைக் குசினியில் கோப்பை கழுவினேன். கதவு திறந்து மூடும்போது ஒரு துண்டு ட்ரம்பெட் உள்ளே வரும், அவ்வளவுதான். வீடு உள்ளவர்கள் ஆறுதலாக வெளியே வந்து கேட்கிற சங்கீதம் இது என்று நினைத்துக்கொள்வேன். கடைசியில் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டது, அம்மா சமைத்த குசினியை இடித்துக் கட்டிய மேடைக்கு முன்னால்.

அப்பாவுக்கு ஜாஸைக் கண்ணிலும் காட்டக் கூடாது. பூனையின் வாலை மிதித்த மாதிரி இருக்கிறது என்று என் காதுக்குள் சொன்னார். அது விடுதியும்தான்; மற்ற நாட்களில் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, வியாழன்தான் ஊர்ச் சனமும் போகலாம். ஒரு சோடாவை வாங்கி வைத்துக்கொண்டு, வாத்தியக்காரருக்கு முதுகைக் காட்டி, உள்ளறைச் சுவரோரம் கதிரையைப் போட்டு இருப்பார். அம்மாவின் கட்டில் கிடந்த இடம் அது. அவ கிடையில் கிடந்த மூன்று மாதமும் அப்பா அதே பக்கத்தில்தான் இருந்தவராம். அப்போது பிரான்ஸில் விசா கிடைத்திராத நான், வந்தால் திரும்பிப் போக ஏலாது என்று செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை.

இந்த முறை சேர்த்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்ததே வீட்டைத் திருப்பி வாங்கத்தான். வாங்கித் தந்துவிட்டுத்தான் பிளேன் ஏறுவேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்தும்விட்டேன். முதலாளி கொழும்பு இளைஞர், நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. போன வியாழன் ஜாஸ் முடிந்ததும், நான் பிறந்த வீடு இது, தருவீர்களா என்று கேட்டேன். அப்பாவின் ஜாஸ் பைத்தியத்துக்காக மகன் மதுச்சாலையையே விலை பேசுகிறான் என்று விளங்கிக்கொண்டார் போல, சிரித்துக்கொண்டு தோளில் தட்டினார். விற்கிற எண்ணமே இல்லையாம். அடுத்த மாதம் உள்ளறைச் சுவரை இடித்து மேடையைப் பெருப்பிக்கப் போகிறார்களாம். பிறகு தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிக்கொண்டு அப்பாவிடம் போனார்.

"அங்கிள், இந்தச் சுவர் இனி இல்லை. அடுத்த வியாழனே உங்களுக்கு முன்னுக்குக் கதிரை. எல்லாம் வடிவாப் பாக்கலாம்."

அப்பா சுவரைப் பார்த்தார். "ஓம் தம்பி, சந்தோசம்," என்றார். திரும்பி வரும் வழியில் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளை மறுநாள் எனக்குப் பயணம். அப்பாவைக் கூட்டிப்போகவும் ஏலாது, அவருக்கு விசா மறுத்துவிட்டார்கள். இன்று வியாழன். பொழுதுபட, அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"இனியும் என்னத்துக்கு அப்பா?"

"கதிரை போட்டு வைச்சிருப்பாங்கள். போகாட்டி மரியாதையில்லை."

வாசலில் நான் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினேன். அப்பா நிற்கவில்லை. செருப்போடு படியேறி, செருப்போடு கூடத்தைக் கடந்து, முன்வரிசைக் கதிரையில் மேடையைப் பார்த்து இருந்தார். அம்மாவின் பக்கம் திரும்பவேயில்லை. வாத்தியம் தொடங்கியது. எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார்.

"பரவாயில்லை சேர், போட்டுக்கொண்டே வாங்க," என்றார் வெயிட்டர். கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, மற்றக் காலில் சப்பாத்தோடு, நான் வாசற்படியிலேயே நின்றேன்.