சந்தியாகு கேட்காத பிரசங்கங்கள்

சர்க்கார் கல்லூரியில் சேருகிற கத்தோலிக்கப் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் வருஷத்திலேயே விசுவாசத்தைத் தொலைத்துவிடுகிறார்கள், மீதிப் பேர் இரண்டாம் வருஷத்தில் தொலைக்கிறார்கள் என்று மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமைச் சுவாமியார் சொன்னார். 1927ஆம் வருஷம் ஜூன் மாதம், தகரப் பெட்டியோடு விடைபெற நின்ற சந்தியாகு, "நான் தொலைக்க மாட்டேனுங்க சாமி" என்றான். தொலைக்கும்படி தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

ஹனூர்ப் பக்கத்தில் ஆமணக்கும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். பத்து வயதில் அப்பா அவனைக் கொள்ளேகால்வரை வண்டியில் கொண்டுவந்து, அங்கிருந்து மைசூருக்கு அழைத்து வந்து மிஷன் விடுதியில் விட்டார். அன்றிலிருந்து எட்டு வருஷம் மணிதான் அவனை ஆண்டது. எழுந்திருக்க ஒரு மணி, ஜெபத்துக்கு ஒரு மணி, பூசைக்கு ஒரு மணி, ஞானோபதேசத்துக்கு ஒரு மணி. கோயிலில் மூன்றாவது தூணுக்குப் பின்னால் முழங்காலில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டிருந்தான். ஞானோபதேசப் புத்தகத்தின் கேள்வி பதில் அத்தனையும் தலைகீழாகச் சொல்வான். அதற்காக இரண்டு தடவை பரிசும் வாங்கியிருந்தான்.

கல்லூரியில் யாரும் மணி அடிக்கவில்லை. அதாவது அடித்தார்கள், ஆனால் பாடத்துக்கு மட்டும் அடித்தார்கள்.

தங்குவதற்கு மைசூரிலேயே, சாமுண்டிபுரத்தில் ஒரு அறை கிடைத்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வைத்யநாதனின் வீடு அது. அறைக்குத் தெருப்பக்கம் தனி வாசல். வீட்டுக்கும் அறைக்கும் நடுவே ஒரு கதவு எப்போதும் தாழிட்டிருக்கும். பக்கத்தில் ஒரு ஜன்னல் மட்டும் வீட்டு நடையான ரேழியைப் பார்த்துத் திறக்கும். பிராமண வீட்டில் வேதக்காரப் பையனுக்கு அறை கொடுத்ததைப் பற்றித் தெருவில் பேசிக்கொண்டார்கள். கொடுத்தது வைத்யநாதன் அல்ல, அவர் மனைவி அன்னபூர்ணி.

அந்த அம்மாளுக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் அந்த அறையில் இருந்தவன் அவர்கள் ஜாதிப் பையன்தான். பூணூலை ஆணியில் மாட்டிவிட்டு, சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று சிகரெட் பிடித்தவன். அவனைக் கிளப்பிய பிறகு அன்னபூர்ணி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அதைச் சந்தியாகுவிடம் கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

"நோடப்பா, நீ எந்த சாமியைக் கும்பிட்டாலும் நேக்குக் கவலையில்லை. ஆனா கும்பிடணும். ஒண்ணையும் கும்பிடாதவன் இந்த ஆத்துல இருக்கப்படாது. ஒன் பேரென்ன?"

"சந்தியாகுங்க."

"பேர்லயே சந்தியா இருக்கே. அப்போ வேளை தப்பாம பண்ணு. ஒங்களுக்கு என்னிக்கு?"

"ஞாயித்துக்கெழமைங்க. கடன் பூசை, கட்டாயம் போகணும். வெள்ளிக்கெழமை கறி திங்கப்படாது."

வெள்ளிக்கிழமை விஷயம் அன்னபூர்ணிக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர்கள் சாமியார்களிடமும் கொஞ்சம் விவேகம் இருக்கிறது என்று வைத்யநாதனிடம் சொன்னாள். வெள்ளிக்கு ஆனது மற்ற ஆறு நாளுக்கும் ஆகும் என்று அவளே தீர்மானித்துச் சட்டம் போட்டாள்.

முதல் இரண்டு மாதம் சந்தியாகு பழக்கத்தில் கோயிலுக்குப் போய்வந்தான். பிறகு லிங்கப்பன் வந்தான்.

லிங்கப்பன் நஞ்சன்கூட்டுக்காரன், தர்க்க சாஸ்திர வகுப்பில் பக்கத்து இடம். கேலி செய்கிறவன் இல்லை. ஒரு நாள் மத்தியானம் சந்தியாகுவிடம் அவனுடைய மதத்தைப் பற்றிக் கேட்டான். சந்தியாகு ஞானோபதேசத்தை முதல் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டான். லிங்கப்பன் பொறுமையாகக் கேட்டு முடித்து, "இதை நீ நம்புறியா, மனப்பாடம் பண்ணியிருக்கியா?" என்றான்.

அந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. சந்தியாகு பதில் தேடிப் பார்த்தான். மூன்று நாள் தேடினான். நாலாம் நாள், தான் எதையுமே நம்பவில்லை என்ற முடிவுக்கு வந்தான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவேண்டியதில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் அன்னபூர்ணியின் ஞாபகம் வந்தது.

ஆகவே ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஜெபப் புத்தகத்தை ஜன்னலுக்குத் தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினான். கோயில் தெருவில் திரும்பாமல் குக்கரஹள்ளி ஏரிக்குப் போனான். கரையில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினான். ரேழி ஜன்னல் திறந்தது.

"வந்துட்டியோ? இன்னிக்கு ஒங்க சாமியார் என்ன பிரசங்கம் பண்ணினார்?"

இதற்குமுன் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. எப்போதோ காதில் விழுந்திருந்த ஒரு கதையை, ஆட்டைத் தொலைத்த இடையன் மற்ற ஆடுகளை விட்டுவிட்டுத் தேடிப்போனதை, தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

"அந்த மத்த ஆடெல்லாம் என்ன ஆச்சு?" என்று அன்னபூர்ணி கேட்டாள்.

"அதை அடுத்த வாரம் சொல்றேன்னாருங்க."

அதுதான் அவன் செய்த பிழை. அடுத்த ஞாயிறும் ஜன்னல் திறக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசப் புத்தகமும் ஜெபப் புத்தகமும்தான் கொடுத்தார்கள், சுவிசேஷத்தை முழுதாக அவன் கண்ணால் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் சர்க்கார் கல்லூரி நூலகத்துக்குப் போய்க் கேட்டான். அங்கே அலமாரியில் மூன்று பிரதி இருந்தன. மூன்றும் பிராட்டஸ்தாந்துக்காரர்கள் அச்சிட்ட இங்கிலீஷ் வேதாகமம். கத்தோலிக்கன் அதைத் தொடவே கூடாது என்பது சட்டம். நம்பிக்கை போன பிறகு சட்டம் எதற்கு என்று தைரியமாக எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் படிப்பான். ஞாயிறு காலை ஏரிக்கரையில் நடந்துகொண்டே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது, அன்னபூர்ணி எங்கே மடக்குவாள் என்று யோசிப்பான். அவள் மடக்காத வாரம் இல்லை. ஊதாரி மகன் திரும்பிவந்த கதையில் அவள் மூத்தவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். கடைசி மணிக்கு வந்த கூலிக்காரனுக்கும் முழுக்கூலி கொடுத்த தோட்டக்காரன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தாள். தர்க்க சாஸ்திரத்துக்குக்கூட அவன் அத்தனை பாடுபட்டதில்லை.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ ஏரிக்கரையில் ஒரு மரத்தடியைத் தாண்டும்போது வைத்யநாதன் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு காலை அவர் பஜனை மடத்தில் இருக்கவேண்டியவர். மடியில் இலைப் பொட்டலம், அதில் ஹோட்டல் வெங்காய போண்டா நாலு. அவர் வீட்டில் வெங்காயம் நுழைந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

அவர் பொட்டலத்தை மூடினார், இவன் ஜெபப் புத்தகத்தைக் கக்கத்தில் செருகினான்.

"பூசை சீக்கிரம் முடிஞ்சுடுத்தோ?" என்றார் வைத்யநாதன்.

"பஜனை முடிஞ்சுதுங்களா ஐயா?" என்றான் சந்தியாகு.

அவர் ஒரு போண்டாவை எடுத்து நீட்டினார். "நீ என்னைப் பாக்கலே, நான் ஒன்னைப் பாக்கலே. சாப்பிடு, சூடா இருக்கு."

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அவர் கரையின் கிழக்குப் பக்கமும் இவன் மேற்குப் பக்கமுமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. மார்ச் மாதத்தில் வைத்யநாதனின் மகள் கனகலக்ஷ்மியை நஞ்சன்கூட்டுப் புக்ககத்திலிருந்து அழைத்து வந்தார்கள். தலைப்பிரசவம், பிறந்தகம் வருமுன்பே அங்கேயே ஆகிவிட்டது. குழந்தை ஒன்பது நாள்தான் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண். வந்த நாளிலிருந்து யாரோடும் பேசவில்லை. ரேழியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பூர்வ ஜன்ம வினையைச் சொன்னவர்கள் உண்டு, கிரகத்தைச் சொன்னவர்கள் உண்டு. எல்லாவற்றையும் அவள் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள்.

அந்த வாரம் சந்தியாகு ஒன்றும் தயார் செய்யவில்லை. வீடு இருக்கிற நிலையில் ஜன்னல் திறக்காது என்று நினைத்திருந்தான். திறந்தது. அன்னபூர்ணியின் முகம் ஒரே வாரத்தில் வற்றிப்போயிருந்தது. அவளுக்குப் பின்னால் கனகலக்ஷ்மியின் முதுகு தெரிந்தது.

"இவளுக்கு ஆகிற மாதிரி ஒங்க சாமியார் ஏதாவது சொன்னாரா?"

செத்துப்போன லாசரின் கதை அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது. நாலு நாள் கழித்துக் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன். சொல்ல ஆரம்பித்துவிட்டான். லாசர் செத்ததையும், அக்காள் தங்கைகள் அழுததையும், ஆண்டவர் தாமதமாக வந்து சேர்ந்ததையும் சொன்னான். எழுப்புகிற இடம் நெருங்கியபோது அந்த முதுகைப் பார்த்தான். இந்தக் குழந்தை எழுந்து வரப்போவதில்லை. நாக்கு நின்றுவிட்டது.

"வந்து?" என்றாள் அன்னபூர்ணி.

"வந்து... அழுதாருங்க."

"யாரு, ஒங்க சாமியா?"

"ஆமாங்கம்மா. எல்லாரும் அழுதாங்க. அவரும் நின்னு அழுதாரு."

"சாமி எதுக்கு அழணும்? சமாதானம்னா சொல்லணும்?"

"சொல்லலீங்க. அழுதாரு. இன்னிக்கு அவ்வளவுதானுங்க சொன்னாங்க."

பிறகு சுவர்ப்பக்கத்திலிருந்து, பல நாள் பேசாத தொண்டையில், "செத்தது அவருக்கு யாரு?" என்று கேட்டது.

"சிநேகிதனுங்க" என்றான் சந்தியாகு.

கனகலக்ஷ்மி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அன்னபூர்ணி ஜன்னலைச் சாத்தாமலே ஓடிப்போய் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சந்தியாகு அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்தான். அவனுக்கும் அழுகை வந்தது. தான் சொன்னது பொய்ப் பிரசங்கம், கேட்காத பூசை, தொடக்கூடாத புத்தகம். ஆனால் சொன்ன விஷயத்தை நம்புகிறாயா என்று லிங்கப்பன் அந்த நிமிஷம் கேட்டிருந்தால் தன்னிடம் பதில் இருந்திருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்தது. அது அவனைச் சந்தோஷப்படுத்தியதைவிடப் பயப்படுத்தியதுதான் அதிகம்.

அடுத்த ஞாயிறு அவன் நிஜமாகவே கோயிலுக்குப் போனான். தூணுக்குப் பின்னால் போகாமல் நடுவில் முழங்காலிட்டான். பிரசங்கம் குடையைப் பற்றியது. மழைக்காலம் வருமுன் சொல்லிவைக்கிறேன், ஈரக் குடைகளைச் சுவரில் சாய்த்துப் புதுச் சுண்ணாம்பைக் கெடுக்காதீர்கள் என்று பங்குச் சுவாமியார் கால் மணி நேரம் கண்டித்தார். முடிவில், சர்க்கார் கல்லூரிக்குப் போய் வேதத்தை மறந்த பிள்ளைகளைப் பற்றிச் சந்தியாகு இருந்த பக்கமாகப் பார்த்துச் சில வார்த்தை சொன்னார். சந்தியாகு கடைசிவரை இருந்து கேட்டான்.

வீடு திரும்பியதும் ஜன்னல் திறந்தது. இனிமேல் பொய் வேண்டாம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். அன்னபூர்ணி குடையையும் சுண்ணாம்பையும் கேட்டுமுடித்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னடாப்பா இது, ஒண்ணும் நன்னாயில்லையே. அன்னிக்குப் பேசின சாமியார் எங்கே?"

"மாத்தலாயிட்டாருங்க."

"நல்லவாளைத்தான் மாத்துவா" என்றாள் அவள்.

அந்த மாதக் கடைசியில் சந்தியாகு, சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். ஏழு மாதம் கடன் பூசை காணவில்லை என்றான். தடுப்புக்கு மறுபக்கத்திலிருந்து சுவாமியாரின் பெருமூச்சு வந்தது. பிராமண அம்மாளுக்குப் பிரசங்கம் சொன்னேன் என்றான். யார் கொடுத்த அதிகாரம் என்று கேள்வி வந்தது. பிராட்டஸ்தாந்துப் பதிதர்களின் வேதாகமத்தை முழுக்கப் படித்தேன் என்றான். சுவாமியார் தடுப்புத் துணியை விலக்கி அவன் முகத்தைப் பார்த்தார்.

"முழுக்கவா?"

"ஆமாங்க சாமி. ரெண்டு தடவை."

"அதுதான் இருக்கிறதிலேயே பெரிய பாவம்" என்றார். அபராதமாக ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையை ஏழு நாளுக்கு விதித்தார். சந்தியாகு அதைச் சொல்லி முடித்தான். புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே மறுபடி எடுத்துவந்தான்.

பி.ஏ. முடிக்கும்வரை அதே அறையில்தான் இருந்தான். கனகலக்ஷ்மி மறு வருஷம் புக்ககம் திரும்பினாள், பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. சந்தியாகு சர்க்கார் ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியாரானார், கல்யாணம் செய்துகொண்டார், ஞாயிறு பூசை ஒன்றும் தப்பவிடவில்லை. பிரசங்கத்தின்போது அவர் கண்ணை மூடிக்கொள்வதைத் தியானம் என்று எண்ணினார்கள். பெரும்பாலும் அந்த வாரத்துச் சுவிசேஷத்தை அன்னபூர்ணிக்குத் தான் எப்படிச் சொல்லியிருப்போம் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

1946இல் மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சர்க்கார் கல்லூரிகளில் படித்தும் விசுவாசத்தைக் காப்பாற்றிய பழைய மாணவர் என்ற முறையில், பள்ளியை விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு அதன் ரகசியத்தைச் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போனார். மேடையில் ஏறி நின்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது, எழுதிக்கொண்டு போன தாளைப் படிக்க மனம் வரவில்லை.

"நீங்க எங்கே தங்கறீங்கங்கறதுதான் முக்கியம்" என்றார். "நல்ல வீடாப் பார்த்துக் குடி போங்க. கோயிலுக்குப் போனியா, என்ன கேட்டேன்னு வாராவாரம் கேக்கற ஆளு இருக்கற வீடா இருக்கணும்."

அதோடு உட்கார்ந்துவிட்டார். புதுத் தலைமைச் சுவாமியார் எழுந்து, பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் மகிமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்று பாராட்டி, மாலை போட்டார். சந்தியாகு வாயைத் திறந்தார். பிறகு, அதை விளக்கப்போனால் ஏரிக்கரையும் போண்டாவும்கூட வெளியே வரும் என்பதால், கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.